வெட்டுவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்கிற தமிழ்நாட்டு டாக்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் திண்டுக்கல்லில் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள். 22 வருடமாக இதுதான் தொழில். 2021-ஆம் வருடம் என் இடது மார்பை எடுத்தார்கள். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்று இங்கே எழுதப் போவதில்லை. என் கடைக்கு வரும் பெண்கள் வேறு வேறு ஊர்களில் வைத்தியம் பார்த்தவர்கள். அவர்களில் பலர் சொல்வதும் நான் பட்டதும் ஒன்றாகவே இருக்கிறது: மார்பை எடுத்த பிறகு என்னென்ன வழி உண்டு என்று ஆபரேஷனுக்கு முன்னால் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கடையின் உள்ளே அளவெடுப்பதற்குத் திரை போட்ட ஒரு மூலை இருக்கிறது. எனக்கு நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே அந்த மூலையில் இப்படிப்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். திரையை இழுத்துவிட்டு, குரலை இறக்கி, "அக்கா, இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி தைக்கணும்" என்பார்கள். ஒருவர் நாலு கைக்குட்டையை மடித்து ஊக்கு குத்தி வைத்திருந்தார். இன்னொருவர், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர், சின்னத் துணிப்பையில் கேழ்வரகை நிரப்பி உள்ளே வைத்திருந்தார். பஞ்சு வைத்தால் எடை இல்லாமல் அந்தப் பக்கம் மேலே ஏறிக்கொள்கிறதாம். வேர்வையில் நனைந்து வாடை வரும், வாரத்துக்கு ஒரு தடவை கேழ்வரகை மாற்றுவேன் என்றார். "டாக்டர்கிட்ட கேட்கலையாம்மா?" என்றேன். "உயிர் பிழைச்சதே பெரிசு, இதைப் போய் எப்படிக் கேட்கறது" என்றார்.

அப்போது அது எனக்கும் சரியான பதிலாகத்தான் பட்டது.

பிறகு என் முறை வந்தது. பயாப்ஸி ரிசல்ட்டோடு போய் உட்கார்ந்தோம். டாக்டர் நல்ல மனிதர், கை ராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவர் என் கணவரைப் பார்த்துப் பேசினார். "எடுத்துடறதுதான் சேஃப். 47 வயசு ஆச்சு, பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க, இனி பிரச்சினை இல்ல." நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். கணவர் தலையாட்டினார். அவர் பயந்துபோயிருந்தார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்ட நாளுக்கும் தியேட்டருக்குள் போன நாளுக்கும் நடுவில் 8 நாள் இருந்தது. அந்த 8 நாளில் ஈசிஜி, எக்கோ, கோவிட் டெஸ்ட், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு அனுமதி எல்லாம் நடந்தது. மார்பை எடுத்த பிறகு என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்ல மட்டும் யாருக்கும் அரை மணி நேரம் கிடைக்கவில்லை.

நான் துணியை மேஜையில் விரித்தால் கத்திரி வைப்பதற்கு முன் எவ்வளவு கேட்பேன் தெரியுமா? கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், லைனிங் வேண்டுமா, ஊக்கு முன்னாலா பின்னாலா. வெட்டிய பிறகு கேட்டால் பாதி வழி அடைந்துபோயிருக்கும் என்பது தையல் பழகிய முதல் மாதமே தெரிந்துவிடும். உங்கள் தொழிலிலும் அது அப்படித்தான் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

தெரிய வைத்தவர் ஒரு வாடிக்கையாளர். 34 வயது. தம்பி கல்யாணத்துக்குப் பட்டு ரவிக்கை தைக்க வந்திருந்தார். என்னுடைய கதையைக் கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு பக்கம் எடுத்தாச்சு அக்கா என்றார். டேப்பை வைத்து அளந்த எனக்கே எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. எடுத்த அன்றே, அதே மயக்கத்திலேயே, வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பாக வைத்துத் தைத்துவிட்டார்கள் என்றார். அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்பதை என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

அப்புறம் மதுரைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு 40 நிமிடம் விளக்கினார். அவர் சொன்னதையும், அதன் பிறகு நானும் என் மகளும் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. ஆனால் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு தையல்காரிக்கு இவ்வளவும் புரிந்தது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். "சொன்னா இவங்களுக்குப் புரியாது" என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதல் கேள்வி, முழுக்க எடுக்கத்தான் வேண்டுமா என்பது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதி மார்புக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால், தகுந்தவர்களுக்கு, முழுசாக எடுப்பதற்குச் சமமான ஆயுள் கிடைக்கிறது என்று அமெரிக்காவில் சர்ஜன் பெர்னார்ட் ஃபிஷரின் குழு 1985-இல் வெளியிட்டது. 20 வருடம் தொடர்ந்து பார்த்து 2002-இலும் அதையே சொன்னது. பெரிய கட்டியாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிப் பார்ப்பதும் உண்டு. என் கட்டி இருந்த இடத்துக்கு அது ஒத்துவந்திருக்காது என்று பிறகு தெரிந்துகொண்டேன். சரி. ஒத்துவராது என்ற அந்த ஒரு வரியை அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு வருடம் என் மனசு அரித்திருக்காது.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், சிலிக்கோன் இம்ப்ளான்ட் (தோலுக்கு அடியில் வைக்கும் செயற்கை மார்பு) ஒரு வழி. தோல் போதுமான அளவு மிஞ்சினால் அன்றே வைத்துவிடலாம். இல்லாவிட்டால் மார்புத் தசைக்கு அடியிலோ மேலேயோ ஒரு காலிப் பையை வைத்து, வாரக்கணக்கில் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றித் தோலை மெல்ல விரித்து, பிறகு அந்தப் பையை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட்டை வைக்கிறார்கள். ஆபரேஷன் நேரம் குறைவு. உடம்பில் வேறெங்கும் தழும்பு விழாது. சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் அது ஆயுளுக்கும் தாங்கும் பொருள் கிடையாது. 10, 15, 20 வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம். 35 வயதுக்காரிக்கு வைத்தால் இன்னும் ஒன்றிரண்டு ஆபரேஷன் முன்னால் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பு கட்டுகிற சவ்வு இறுகி, மார்பு கல் மாதிரி ஆகி வலிக்கலாம். கரண்ட் வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்ப்ளான்ட்களால் அபூர்வமாக ஒரு வகை நிணநீர்ப் புற்று வருவது தெரிந்து, 2019-இல் அலெர்கன் நிறுவனம் தன்னுடைய அந்த வகைகளை உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெற்றது. இதையும் சொல்லுங்கள். பயந்துவிடுவார்கள் என்று மறைக்க வேண்டாம். புற்று என்ற சொல்லையே கேட்டுத் தாங்கியவர்கள் நாங்கள்.

சொந்தச் சதையை வைப்பது இன்னொரு வழி. முதுகின் பக்கவாட்டில் இருக்கும் அகலமான தசையைத் தோலோடு சேர்த்து, ரத்தக்குழாயை வெட்டாமல், அக்குள் வழியாக முன்னால் திருப்பிக் கொண்டுவரலாம். இத்தாலியில் டான்சினி என்பவர் 1906-லேயே இதை எழுதியிருக்கிறார் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. என் பாட்டி பிறப்பதற்கு முன்னால்! அடிவயிற்றுச் சதையை வைப்பது இதற்கு அடுத்தது. 1982-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து சர்ஜன் ஹார்ட்ராம்ப் வெளியிட்ட முறையில் வயிற்றுத் தசையும் சேர்ந்து போனது, அதனால் சிலருக்கு வயிறு பலம் இழந்து குடல் இறக்கம் வந்தது. 1994-இல் ராபர்ட் ஆலன் வெளியிட்ட முறையில் தசையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாயோடு மட்டும் எடுத்து, நெஞ்சில் இருக்கும் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். குழாயின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். தைக்கிற நூல் தலைமுடியைவிட மெலிது. இதைப் படித்துவிட்டு என் ஊசிப்பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கைகளின் மேல் எனக்குள்ள மரியாதை அன்று கூடியது, குறையவில்லை.

சுலபமான ஆபரேஷன் இல்லை என்பதும் தெரியும். 6 முதல் 8 மணி நேரம் ஆகலாம். முதல் சில நாள் அடிக்கடி ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். ஓட்டம் நின்றால் மறுபடி தியேட்டர். சிலருக்கு வைத்த சதை பிழைக்காமலே போய்விடும். வயிற்றின் குறுக்கே இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை தழும்பு இருக்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு இது ஆகாது என்று நான் நினைத்திருந்தேன். பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தழும்பு தடையே இல்லையாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன் என்று வந்திருக்கிறது. அப்படியானால் இந்த ஒரு தகவல் எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று பாருங்கள்.

எதைச் செய்தாலும் பழைய உணர்வு முழுதாகத் திரும்பாது. குழந்தை சாய்ந்தாலும் கணவர் தொட்டாலும் அந்த இடம் பெரும்பாலும் மரத்துப்போய்த்தான் இருக்கும். காம்பை அங்கிருக்கும் தோலையே மடித்துத் தைத்து உண்டாக்கலாம், நிறத்துக்குப் பச்சை குத்தலாம். பார்வைக்கு இருக்கும், உணர்வு இருக்காது. அந்த 34 வயதுப் பெண் என்னிடம் வருத்தப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். "துணி போட்டா நான் முழுசா இருக்கேன் அக்கா. ஆனா அது என்னோடதுன்னு தோணவே ஒரு வருஷம் ஆச்சு." இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்றார். எல்லாம் கிடைத்த அவருக்கும் இந்த வார்த்தை கிடைக்கவில்லை.

எப்போது செய்வது என்பதும் இருக்கிறது. அன்றே செய்யலாம், வருடங்கள் கழித்தும் செய்யலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தள்ளிப்போடுவது நல்லதாக இருக்கலாம். கரண்ட் வைக்கும் திட்டம் இருந்தால் கணக்கே மாறும். கரண்ட் வைத்த தோல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதிகமாகக் கஞ்சி போட்ட துணி மாதிரி. இழுத்தால் வராது. அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன்பே பிளாஸ்டிக் சர்ஜனும், கரண்ட் வைக்கும் டாக்டரும், நீங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. எங்கே கீறுவது, எவ்வளவு தோலை விடுவது என்பது பின்னால் வரப்போகும் வேலையைப் பொறுத்தது.

எதையும் வைக்காமல் தட்டையாக விடுவதும் ஒரு தேர்வு. அதையும் அக்கறையோடு செய்ய வேண்டும். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2020-இல் தன் மருத்துவ அகராதியில் இதற்கென்று ஒரு சொல்லைச் சேர்த்தது. மிச்சத் தோலையும் கொழுப்பையும் சீராக எடுத்து, நெஞ்சு வழவழப்பாக இருக்கும்படி மூடுவது என்று அதற்குப் பொருள். எனக்கு அப்படி மூடவில்லை. தையல் முடிந்த இடத்தில், அக்குளுக்குக் கீழே, ஒரு சதை மடிப்பு கூம்பிக்கொண்டு நின்றது. ரவிக்கையில் டக் (துணியை மடித்துப் போடும் தையல்) பிடிக்கும்போது முனையைப் படிப்படியாகக் குறைத்து ஒன்றுமில்லாமல் முடிக்க வேண்டும். சட்டென்று முடித்தால் அங்கே துணி கூம்பி நிற்கும். என் உடம்பில் அதே தப்பு இருந்தது. கையை அசைத்தால் உரசும், வெயில் காலத்தில் வேர்வை தங்கிப் புண்ணாகும். தினமும் எட்டு மணி நேரம் மிஷினில் உட்காருகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களையும் யோசித்துப் பார்த்தேன்.

திரும்ப நோய் வந்தால் மறைத்துவிடும் என்பது ஒன்று. மார்பை முழுசாக எடுக்கும் ஆபரேஷனைப் பரப்பிய அந்தக் கால அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் காலத்திலிருந்து வருகிற அச்சம் இது. மார்பைச் சீரமைப்பதால் நோய் திரும்புவது கூடுவதும் இல்லை, கண்டுபிடிப்பது தாமதமாவதும் இல்லை என்று எத்தனையோ ஆய்வுகள் காட்டிவிட்டன. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இங்கே வசதி இல்லை என்பது இன்னொன்று. துண்டான கையை ஒட்டவைத்த செய்தியைச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எத்தனை முறை பேப்பரில் படித்திருக்கிறோம்! அதே மைக்ராஸ்கோப், அதே நூல்தானே? 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகத்துக்கான பிளாஸ்டிக் சர்ஜரியை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது, ஏழைகளுக்கு ஏன் இந்தச் சிகிச்சை கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். எல்லா ஊரிலும் எல்லாம் இருக்காதுதான். உங்களிடம் இல்லாவிட்டால் இருக்கும் இடத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.

காசு என்பது அடுத்தது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களிடம் "அழகு ஆபரேஷனுக்குப் பணம் வராது" என்று பில் கவுண்டரிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது விதியில், அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது என்று சொல்லும் அதே வாக்கியத்திலேயே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு அந்தத் தடை இல்லை என்றும் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை அச்சடித்து உங்கள் கவுண்டரில் ஒட்டிவைக்க முடியுமா? அமெரிக்காவில் மார்பை எடுக்கப் பணம் கொடுக்கிற காப்பீடு, சீரமைக்கவும், மறு மார்பைச் சமன் செய்யவும், வெளியே வைக்கும் செயற்கை மார்புக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று 1998-லேயே சட்டம் போட்டார்கள். நியூயார்க் மாநிலம் 2010-இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் இந்த வழிகளை எல்லாம் மருத்துவமனை சொல்லியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். டாக்டர்களைச் சொல்ல வைக்க அங்கே சட்டம் வேண்டியிருந்தது. நம்மிடம் அந்தச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் இந்த மடல்.

கடைசியாக வயசு. இதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. 47 வயதில் மார்பு எதற்கு என்பதை நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? பிள்ளை பெற்றாயிற்று, பால் கொடுத்தாயிற்று, இனி தேவையில்லை என்றா? 60 வயதில் முன்பல் விழுந்தால் பல் கட்டிக்கொள்ளச் சொல்கிறோம். என் கடைக்கு வருகிறவர்களில் 63 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். கோயிலில் சாமி கும்பிடக் கையைத் தூக்கும்போது புடவை விலகினால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே கும்பிடப் போவதை விட்டுவிட்டார். வயசைக் காரணம் காட்டி முடிவு செய்யாதீர்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். நாற்று நடுகிறவரா, குடம் தூக்குகிறவரா, கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவரா? முதுகுத் தசையை எடுத்தால் தோளின் பலம் ஓரளவு குறையலாம் என்பது ஒருவருக்குச் சின்ன விஷயம், இன்னொருவருக்குப் பிழைப்பு.

எனக்கு அது பிழைப்பு. நாலு மாதம் யோசித்தேன். கரண்ட் வைத்த தோலில் இம்ப்ளான்ட் வேண்டாம் என்று எனக்குப் பட்டது. முதுகைத் தொட விட மாட்டேன், கத்திரி பிடிக்கிற தோள் இது. வயிற்று ஆபரேஷன் என்றால் வாரக்கணக்கில் கடையை மூட வேண்டும். கடைசியில் தட்டையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்து, அந்த அக்குள் மடிப்பை மட்டும் எடுத்துச் சரி செய்துகொண்டேன். சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். மார்பு வேண்டும் என்று இத்தனை எழுதிவிட்டு நீயே வைத்துக்கொள்ளவில்லையே என்று கேட்கலாம். எனக்கு மார்பு வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். அன்றைக்கே கேட்டிருந்தால் ஒரே மயக்கத்தில் முடிந்திருக்கும்.

2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாக வந்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. உங்கள் வார்டில் கூட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், வராண்டாவில் பாய் விரித்துப் படுத்தவள்தான் நானும். அந்த அரை மணி நேரத்தை நீங்களேதான் தர வேண்டும் என்றில்லை. பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் போதும். தமிழில் ஒரு படப் புத்தகம் வேண்டும். அதில் நன்றாக வந்த படங்களோடு தழும்பு தடித்த படமும், ஒரு பக்கம் தாழ்ந்த படமும், தட்டையாக மூடிய படமும் இருக்க வேண்டும். கணவரையும் அண்ணனையும் ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் நேராகக் கேளுங்கள். அவர் சொன்னதை ஃபைலில் எழுதி வையுங்கள், "வேண்டாம்" என்றாலும் எழுதி வையுங்கள்.

என் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறேன். எதுவும் வைத்துக்கொள்ளாத பெண்களுக்காக ரவிக்கையின் உள்ளே தைக்கும் பைக்கு ஒரு பேப்பர் கட்டிங் போட்டிருக்கிறேன், 32 முதல் 44 அளவு வரை. எந்தத் தையல்காரரும் பார்த்துத் தைக்கலாம், உங்கள் வார்டுக்கு வேண்டுமானால் இலவசமாகத் தருகிறேன். பருத்தி லைனிங் துணியில்தான் தைக்க வேண்டும், பாலியெஸ்டர் தழும்பில் பட்டால் எரியும். பையின் வாயை அக்குள் பக்கமாக, மேல்நோக்கி வைக்க வேண்டும். நடுநெஞ்சுப் பக்கம் வைத்தால், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு தையல்காரி